பிங் ஜி430 டிரைவர்: மேக்ஸ், 10கே, எஸ்எஃப்டி, எல்எஸ்டி – யாருக்கு எது?

கோல்ஃபில் முதல் அடியைத் தூரமாக அடிக்கப் பயன்படும் பெரிய தலை கிளப்தான் டிரைவர். பிங் நிறுவனத்தின் ஜி430 வரிசையில் நான்கு டிரைவர்கள் உண்டு. 2023-ல் மேக்ஸ், எஸ்எஃப்டி, எல்எஸ்டி என மூன்று வந்தன. 2024 ஜனவரியில் மேக்ஸ் 10கே சேர்ந்தது. 2025-ல் ஜி440 வந்த பிறகு இவை பழைய மாடலாகிவிட்டன, ஆனால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. நான்கிலும் ஷாஃப்ட்டை (தண்டை) ஹெட்டில் (தலையில்) மாட்டும் அடாப்டர் ஒன்றேதான். அதனால் ஒரே ஷாஃப்ட்டை மாற்றி மாற்றிப் போட்டு, ஹெட்டின் குணத்தை மட்டும் தனியாகப் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான குடும்பம் கிடைப்பது அரிது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறையத் திறன் அதிகம்) 12-க்கு மேல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எல்எஸ்டி (ஸ்பின், அதாவது பந்தின் சுழற்சியைக் குறைக்கும் ஹெட்) வேண்டாம். பார்க்கக் கச்சிதமாக இருக்கும். நடுவில் பட்டால் பந்து அம்பு மாதிரி போகும். நடுவில் படாத அடிகளுக்கு என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். (வலது கை ஆட்டக்காரரை மனதில் வைத்தே இடம், வலம் சொல்கிறோம். இடது கைக்காரர்கள் திருப்பிக்கொள்ளுங்கள்.)

கடைக்குப் போகும் முன் ஒரு மார்க்கர் பேனா

ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு பொட்டு வையுங்கள். அந்தப் பொட்டு கிளப்பின் முகத்தைப் பார்க்கும்படி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு குச்சியில்) வைத்து அடியுங்கள். முகத்தில் சின்னதாக ஒரு மைத்தடம் விழும். போனில் படம் எடுத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பந்து. பத்துப் பந்து போதும். காலுக்கு அடிக்கும் பவுடர் ஸ்பிரே இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: வெள்ளைப் பூச்சில் பந்தின் குழிகள்கூடப் பதியும்.

பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். அதை முகத்தின் நடுவில் வைத்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுத் தடங்கள் நாணயத்துக்கு அடியில் மறைந்தால் நான்கு ஹெட்டுமே உங்களுக்குத் திறந்திருக்கின்றன. நாலைந்துதான் மறைகின்றன என்றால் எல்எஸ்டியை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

தடம் விழுந்த இடமும் பேசும். டோ பக்கம் (முகத்தின் வெளி ஓரத்தில்) பட்டால் ஹெட் பின்னால் திரும்பும். பந்து அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழன்று இடப்பக்கம் வளையும். ஹீல் பக்கம் (ஷாஃப்ட்டை ஒட்டிய ஓரத்தில்) பட்டால் நேர்மாறு, வலப்பக்கம் வளையும். முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் பந்து தாழக் கிளம்பும், ஸ்பின் நிமிடத்துக்குப் பல நூறு சுற்று ஏறும். மேல்பகுதியில் பட்டால் உயரக் கிளம்பும், ஸ்பின் குறையும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள். "உங்களுக்கு ஸ்பின் அதிகம், லோ ஸ்பின் ஹெட் வாங்குங்கள்" என்று சொல்லப்படும் பலருக்குப் பிரச்சினை ஹெட்டில் இல்லை. பந்து முகத்தின் அடியில் படுகிறது. டீயை அரை அங்குலம் உயர்த்தினாலே பாதிக் கோளாறு தீரும். ஹெட்டைத் தரையில் வைத்தால் பந்தின் பாதியாவது அதன் உச்சிக்கு மேலே தெரிய வேண்டும்.

வேகமும் லாஃப்ட்டும்

பந்தின் பறப்பை அளக்கும் கருவி நிறுவனமான டிராக்மேன் சில ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட சராசரிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். சுமார் 14, 15 ஹேண்டிகேப் உள்ள அமெச்சூர் ஆண்களின் டிரைவர் வேகம் மணிக்கு 93.4 மைல். எல்பிஜிஏ தொழில்முறைப் பெண்களின் வேகம் 94. கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் அமெச்சூரின் பந்து 132.6 மைல் வேகத்தில் கிளம்புகிறது, எல்பிஜிஏ பந்து 140-ல். அமெச்சூரின் கிளப் 1.6 டிகிரி கீழ்நோக்கி இறங்கும்போது பந்தைத் தொடுகிறது. அந்தப் பெண்களின் கிளப் 3 டிகிரி மேலேறும்போது தொடுகிறது. ஸ்பின் 3,275-க்கு எதிராக 2,611. அந்தப் பெண்களின் பந்து 13 டிகிரிக்குச் சற்று மேலே கிளம்பி 218 யார்டு காற்றிலேயே போகிறது.

90 மைல் வாக்கில் ஸ்விங் பண்ணுகிறவர் பார்த்துக் கற்க வேண்டியது இந்த ஆட்டத்தை. டிவியில் பார்க்கும் பிஜிஏ டூர் ஆண்கள் 110 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில், சுமார் 11 டிகிரியில் பந்தைக் கிளப்புகிறவர்கள். அவர்கள் 9 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு) வைத்திருக்கிறார்கள் என்பதற்காக நாமும் 9 டிகிரி வாங்கினால், பந்து போதிய உயரம் ஏறாமலே விழுந்துவிடும். தோராயக் கணக்கு இது: 85 மைலுக்குக் கீழே 12 டிகிரி, 85 முதல் 100 வரை 10.5; அதற்கு மேலே, பந்தை மேல்நோக்கி அடிக்கிறவராகவும் இருந்தால் 9. கீழ்நோக்கி வெட்டும் பழக்கம் உள்ளவர் எந்த வேகத்திலும் ஒரு படி லாஃப்ட் கூட்டிக்கொள்ளலாம். மேக்ஸும் 10கேயும் 9, 10.5, 12 என மூன்றிலும் உண்டு. எல்எஸ்டியில் 12 கிடையாது.

ஊட்டியில் ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 7,000 அடிக்கு மேல் காற்று மெலிது. பந்து தூரம் போகும், ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்கிற விசையும் குறைகிறது. சென்னையில் சரியாக இருந்த தாழ்ந்த லாஃப்ட் அங்கே இன்னும் தட்டையாகப் பறக்கும்.

ஸ்லைஸுக்கு எது: எஸ்எஃப்டியா, 10கேயா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். ஸ்லைஸ் அடித்து, அதாவது பந்தை வலப்பக்கம் வளைத்துத் தொலைக்கிற ஒருவரிடம் ஒருவர் எஸ்எஃப்டி என்பார், இன்னொருவர் 10கே என்பார். இருவரும் பாதி சரி. அவை தீர்க்கிற நோய்கள் வேறு.

10கே என்ற பெயரில் உள்ள எண் எம்ஓஐ. பந்து ஓரத்தில் படும்போது ஹெட் முறுக்கிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கிற திறன் அது. ஹீல்-டோ திசை, மேல்-கீழ் திசை இரண்டையும் கூட்டினால் 10,000-ஐத் தாண்டுகிறது. விதியின் உச்சவரம்பு ஹீல்-டோ திசைக்கு மட்டும், 5,900 கிராம்-சதுர சென்டிமீட்டர் (சோதனைச் சலுகை 100). ஆகவே இது விதிக்கு உட்பட்ட கிளப்தான். பின்முனையில் 28 கிராம் எடை நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது, நகர்த்த முடியாது. ஈர்ப்பு மையம் முகத்திலிருந்து வெகு பின்னால் போவதால் பந்து எளிதாக உயரும். ஓரத்தில் பட்டாலும் வேகம் அதிகம் இறங்காது.

எஸ்எஃப்டி வேறு வழியில் வேலை செய்கிறது. எடை ஹீல் பக்கம் சாய்ந்திருக்கிறது. டிரா, டிரா பிளஸ் என இரண்டே இடங்களில் வைக்கலாம், இரண்டுமே இடப்பக்கம் திருப்புபவை. ஹீல் பாரமாக இருப்பதால் டோ சுலபமாகச் சுற்றி வரும், முகம் மூடும்.

இனி உங்கள் பந்தைக் கவனியுங்கள். டிரைவரில் பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகம்தான். பந்து வலப்பக்கமே கிளம்பி, மேலும் வலப்பக்கம் வளைகிறதா? முகம் திறந்தே வருகிறது. இதற்கு எஸ்எஃப்டி நேரான மருந்து. இங்கே 10கே ஏமாற்றலாம். பின்னால் நீண்ட அந்த ஹெட், முறுக்கத்தை மறுப்பது போலவே மூடுவதையும் மெல்ல மறுக்கும். கை சுழற்றத் தாமதிப்பவருக்கு முகம் திறந்தபடியே நின்றுவிடும்.

பந்து நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது, மைத்தடங்களும் ஹீல் பக்கம் குவிந்திருக்கின்றன என்றால், இரண்டுமே உதவும். 10கே முறுக்கத்தைக் குறைக்கிறது. எஸ்எஃப்டி ஈர்ப்பு மையத்தையே உங்கள் அடி விழும் பக்கம் கொண்டுவருகிறது. ஹீலில் மட்டுமே படுகிறவருக்கு எஸ்எஃப்டி. ஒரு பந்து ஹீல், அடுத்தது டோ என்று சிதறுகிறவருக்கு 10கே, ஏனென்றால் எஸ்எஃப்டியில் டோ பக்கம் பட்ட பந்து இடப்பக்கம் கடுமையாக ஓடிவிடும்.

மூன்றாவது வகைதான் சிக்கலானது: பந்து இடப்பக்கம் கிளம்பி, வாழைப்பழம் போல வளைந்து வலப்பக்கம் வருகிறது. கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது என்று பொருள். முகம் ஏற்கெனவே இலக்குக்கு இடப்பக்கம்தான் பார்க்கிறது. இவர் எஸ்எஃப்டி வாங்கினால் முகம் இன்னும் மூடும், வளைவு குறையும், பந்து கிளம்பிய திசையிலேயே நேராக இடப்பக்கக் காட்டுக்குள் போகும். வாங்கிய முதல் வாரம் பத்துப் பதினைந்து யார்டு கூடியது போலத் தெரியும். பிறகு இரண்டு பக்கமும் பந்து தொலையும். இவருக்கு 10கே போதும். மீதிப் பணத்தில் பயிற்சியாளரிடம் நாலைந்து வகுப்பு போவது எந்த ஹெட்டையும் விடப் பயன் தரும்.

மேக்ஸ்

சோதித்துப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் வாங்க நேர்ந்தால் மேக்ஸ், 10.5 டிகிரி. 460 சிசி ஹெட். 25 கிராம் டங்ஸ்டன் எடையை டிரா, நியூட்ரல், ஃபேட் (வலப்பக்கம் திருப்புவது) என மூன்று இடங்களில் வைக்கலாம். டிராவில் வைத்தால் எஸ்எஃப்டியின் குணத்தில் ஒரு பங்கு கிடைக்கும். ஸ்விங் திருந்தத் திருந்த எடையை நடுவுக்குக் கொண்டுவரலாம். ஆட்டம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் 15 முதல் 25 ஹேண்டிகேப்காரருக்கு இதுவே புத்திசாலித்தனமான தேர்வு என்பது எங்கள் கருத்து.

எல்எஸ்டி யாருக்கு

440 சிசி, 22 கிராம் நகரும் எடை, முன்னால் வந்த ஈர்ப்பு மையம். மணிக்கு 105 மைலுக்கு மேல் வேகம், நடுவில் அடித்தும் 3,000-க்கு மேல் ஸ்பின், எதிர்காற்றில் பந்து பலூன் மாதிரி எழும்பி நிற்பது: மூன்றும் சேர்ந்திருந்தால் இது உங்களுக்கானது. 88 மைல் வேகக்காரர் 9 டிகிரி எல்எஸ்டியை எடுத்தால் ஸ்பின் 2,000 பக்கம் விழுந்து, பந்து உச்சிக்குப் போகும் முன்பே சரிந்துவிடும்.

அடாப்டரில் ஒரு பொறி

எட்டு நிலைகள் உண்டு, லாஃப்ட்டை 1.5 டிகிரி வரை கூட்டவோ குறைக்கவோ முடியும். பலருக்குத் தெரியாதது: லாஃப்ட்டைக் குறைத்தால் முகம் திறக்கும், கூட்டினால் மூடும். பந்து மிக உயரமாகப் போகிறதே என்று லாஃப்ட்டைக் குறைத்த ஸ்லைஸ்காரருக்கு ஸ்லைஸ் மோசமாவது இதனால்தான். அவர் கூட்ட வேண்டும். ஃபிளாட் (ஷாஃப்ட்டைத் தாழ்த்தும்) நிலைகள் ஹூக் (இடப்பக்கம் கடுமையாக வளையும் அடி) அடிப்பவர்களுக்கு. சாவியை 'டக்' என்று சத்தம் வரும் வரை திருகுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஷாஃப்ட்

ஃபிளெக்ஸ் (ஷாஃப்ட் வளையும் தன்மை) எழுத்துகளுக்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் அளவுக்கு இருக்கலாம். 85 மைல் வேகத்துக்குக் கீழே சீனியர், 95 வரை ரெகுலர், 105 வரை ஸ்டிஃப் என்பது தொடங்குவதற்கான கணக்கு மட்டும். மேலிருந்து வெடுக்கென்று இறக்குபவர் ஒரு படி கடினமாகவும், நிதானமாக இறக்குபவர் ஒரு படி மென்மையாகவும் போகலாம். எடையில் 50 கிராம் வாக்கில் தொடங்குங்கள். தடங்கள் சிதறினால் 60 கிராமைச் சோதியுங்கள்.

நீளம் இதைவிட முக்கியம். கடையில் வரும் டிரைவர்கள் 45.5 முதல் 46 அங்குலம் வரை. கிரிப்பை ஓர் அங்குலம் கீழே பிடித்துப் பத்துப் பந்து அடித்து, மைத்தடங்களை முன்னதோடு ஒப்பிடுங்கள். தடங்கள் நடுவில் கூடினால் ஷாஃப்ட்டை வெட்டலாம். ஆனால் அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங்வெயிட் (வீசும்போது கை உணரும் ஹெட்டின் பாரம்) சுமார் மூன்று புள்ளி இறங்கும், டி3 இருந்தது டி0 ஆகும். ஹெட் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. ஒரு புள்ளிக்கு 2 கிராம் வீதம் ஹெட்டில் 6 கிராம் ஈயப் பட்டை ஒட்டி ஈடுகட்ட வேண்டும்.

பழையது வாங்கினால்

முகத்தையும் உச்சியும் முகமும் சேரும் விளிம்பையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முடிக்கோடு போல விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். காதருகே வைத்துக் குலுக்குங்கள்: உள்ளே உலர்ந்த பசைத் துண்டு உருளும் சத்தம் சரிசெய்யக் கூடியது, உலோகச் சத்தம் அப்படியல்ல. ஜி410, ஜி425 அடாப்டர் போட்ட ஷாஃப்ட் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் ஹெட்டை மட்டும் வாங்கினால் போதும்.

இரண்டு ஹெட்டுக்கு இடையில் முடிவு செய்ய முடியவில்லை என்றால், நீங்கள் கோர்ஸில் ஆடும் அதே பந்தைக் கொண்டுபோய் லாஞ்ச் மானிட்டரில் (பந்தின் வேகம், ஸ்பின் அளக்கும் கருவியில்) சோதியுங்கள். ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்தில் ஸ்பின் எண்கள் நம்பக்கூடியவை அல்ல. ஐந்து ஐந்தாக ஹெட்டை மாற்றி மாற்றி அடியுங்கள்; ஒரே ஹெட்டில் இருபது அடித்தால் களைப்பு அடுத்ததன் கணக்கில் ஏறிவிடும். எந்த அடியையும் அழிக்கச் சொல்லாதீர்கள். முடிந்ததும் ஒவ்வொன்றிலும் மிக மோசமான மூன்று அடிகளை எடுத்து, அவை எத்தனை யார்டு விலகி விழுந்தன என்று பாருங்கள். விலகல் குறைந்த ஹெட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், மற்றது ஒரே ஒரு அடியில் இருபது யார்டு கூடப் போயிருந்தாலும்.