காருக்குள்ள எல்ஈடி ஸ்ட்ரிப் போட்டேன், பிக்கிபேக் ஃபியூஸ் ஹோல்டருக்குத்தான் முழு மார்க்

கால் வைக்கிற இடத்துல மெலிசா ஒரு வெளிச்சம் வேணும்னு ரொம்ப நாள் ஆசை, அதுக்குத்தான் ஒரு எல்ஈடி ஸ்ட்ரிப் கிட் வாங்குனேன், அப்புறமா தனியா ஒரு பிக்கிபேக் ஃபியூஸ் ஹோல்டரும் (வண்டி ஃபியூஸ் இடத்துல சொருகி, பக்கத்துல இன்னொரு ஃபியூஸும் போட்டுக்குறது) வாங்குனேன். முதல் ரெண்டு நாள்ல மூணு ஃபியூஸ் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாசமா ஒண்ணு கூட போகல.

ஸ்ட்ரிப் வெளிச்சம் நல்லாவே இருக்கு, கண்ணைக் குத்தல. பின்னாடி இருக்குற பசை மட்டும் வண்டி வெயில்ல நின்னா விட்டுடுது, கேபிள் டை போட்டு கட்டிக்கோங்க. ஆனா கிட்டோட ஒரு பிளாஸ்டிக் கிளிப் வருது பாருங்க, ஓடுற ஒயரைக் கடிச்சு கனெக்‌ஷன் எடுக்குறது, அதைத் தொடவே தொடாதீங்க. நான் அதை ரூஃப் லைட் ஒயர்ல மாட்டினேன், கதவை மூடுனாலும் ஸ்ட்ரிப் அணையவே இல்ல. ஏன்னா நிறைய வண்டில கதவு ஸ்விட்ச் கட் பண்றது எர்த்தைத்தான், அதாவது மைனஸ் பக்கத்தை, பிளஸ் எப்பவுமே இருக்கும், நான் மைனஸை நேரா பாடில கொடுத்திருந்தேன். கவனிக்காம விட்டிருந்தா பேட்டரி இறங்கியிருக்கும்.

இப்போ ஃபியூஸ் விஷயம். ஃபியூஸ் போச்சுன்னு சொன்னா எல்லாரும் லோடு ஜாஸ்திம்பாங்க. 5050ங்கிற சைஸ் எல்ஈடி உள்ள ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்ஈடி இருக்குறது, மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும், 12 வோல்ட்டுக்கு கணக்குப் போட்டா 1.2 ஆம்ப். நான் போட்ட நாலு துண்டையும் சேர்த்தா ஒரு மீட்டர் கூட வராது, அது எப்படி 10 ஆம்ப் ஃபியூஸை எரிக்கும்? டார்ச் அடிச்சு டேஷ்போர்டுக்கு அடில தலையை விட்டுப் பார்த்தப்போதான் புரிஞ்சது, ஸ்ட்ரிப்பை வெட்டுன முனைல செம்புப் பொட்டு திறந்து கிடக்கு, பிளஸ் பொட்டு இரும்பு பிராக்கெட்ட தொட்டுக்கிட்டு இருக்கு, தொட்ட இடத்துல கறுப்பா ஒரு புள்ளி. ரெண்டு ஃபியூஸ் அதுல போச்சு. மூணாவது சீட் ரெயில்ல போச்சு, சீட்டை முன்னாடி தள்ளும்போதெல்லாம் ஒயர் நசுங்கி தோல் உரிஞ்சிருக்கு. இப்போ வெட்டுன முனை எல்லாத்துக்கும் சூடு காட்டுனா சுருங்குற ஸ்லீவ் போட்டுட்டேன், ஒயரை கார்ப்பெட் ஓரமா கொண்டுபோயிட்டேன்.

பேசாம 20 ஆம்ப் ஃபியூஸ் போட்டுடுன்னு ஒருத்தர் சொன்னாரு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. இவ்ளோ மெல்லிசு ஒயர்ல ஷார்ட் ஆச்சுன்னா அந்த ஃபியூஸ் போறதுக்குள்ள ஒயர் உருக ஆரம்பிச்சுடும், அதுவும் கார்ப்பெட்டுக்கு அடில.

அதனாலதான் ஹோல்டர் வாங்குனேன். பழைய ஃபியூஸ் இருந்த இடத்துல இதைச் சொருகணும், பழைய ஃபியூஸும் இதுலயே உக்காந்துக்கும், பக்கத்துல நம்ம லைட்டுக்குன்னு தனி ஃபியூஸ், நான் போட்டது ஊதா கலர் 3 ஆம்ப். லைட் பக்கம் ஏதாவது ஆனா அந்த 3 ஆம்ப்தான் போகும், வண்டியோட சர்க்யூட் அது பாட்டுக்கு இருக்கும். ஆனா எந்தப் பக்கம் திருப்பிச் சொருகுறோம்ங்கிறது முக்கியம். பழைய ஃபியூஸைக் கழட்டிட்டு சாவி போட்டு, ரெண்டு ஓட்டைல எதுல 12 வோல்ட் வருதுன்னு மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, ஹோல்டர்ல ரெண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம்தான் போகணும். மாத்திச் சொருகுனாலும் லைட் எரியும், அதான் யாருக்கும் தெரியுறதில்ல, ஆனா நம்ம லோடும் பழைய ஃபியூஸ் வழியாத்தான் போகும். நான் சிகரெட் லைட்டர் சாக்கெட் ஃபியூஸ்ல எடுத்தேன், சாவி ஆஃப் பண்ணா லைட்டும் ஆஃப். ஏர்பேக், ஏபிஎஸ் ஃபியூஸ் பக்கம் போகவே வேணாம். வாங்குறதுக்கு முன்னாடி உங்க வண்டில இருக்குற ஃபியூஸ் சைஸ் மினியா, லோ புரொஃபைல் மினியா, மைக்ரோ 2வான்னு ஒண்ணைக் கழட்டிப் பார்த்துடுங்க, ஒண்ணு இன்னொண்ணுல சரியா சேராது.

ஹோல்டர்ல ஒரே குறை உயரம்தான், ஃபியூஸ் பாக்ஸ் மூடி முழுசா மூடல, ஒரு பக்கம் கிளிப் மாட்டாம தூக்கிக்கிட்டே நிக்குது.