ஆடும் ஸ்டீயரிங்: ஸ்க்ரூவா, மூட்டா, கப்ளிங்கா, பாக்ஸா?

என் பழைய பிக்கப்பில் ஒரு கட்டத்தில் ஸ்டீயரிங்கை மூன்று விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். நேர் ரோட்டிலும் கை சும்மா இருக்க முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டவர்கள் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஸ்டீயரிங் பாக்ஸ், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பற்சக்கரப் பெட்டி, அதன் தலையில் இருக்கும் ஸ்க்ரூவை முறுக்கு என்றார் ஒருவர். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனை மூட்டை, டை ராடு எண்டை, மாற்று என்றார் இன்னொருவர். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டைப் பாக்ஸோடு சேர்க்கும் கப்ளிங் போயிருக்கும், பேசாமல் பாக்ஸையே மாற்று, அதிர்வை அமுக்கும் டாம்பர் ஒன்று மாட்டு என்று பட்டியல் நீண்டது. பாக்ஸை மாற்றுவது தவிர மற்ற நான்கையும் அதே வண்டியில் செய்து பார்த்தாயிற்று, அதுவும் தப்பான வரிசையில்.

நான் சொல்வது ரேக் (பல் வைத்த நீளச் சட்டம்) வைத்த வண்டியை அல்ல, ஸ்டீயரிங் பாக்ஸ் வைத்த பழைய ரகத்தை. பாக்ஸுக்குள் திருகு வடிவ வார்ம் ஷாஃப்ட், அதன் மேல் குண்டுகளின் மீது ஓடும் நட், அந்த நட்டின் பற்களோடு கோத்துக்கொள்ளும், ஒரு பக்கம் மட்டும் பல் வைத்த செக்டர் ஷாஃப்ட். செக்டரின் நுனியில் பிட்மேன் ஆர்ம்; டிராப் ஆர்ம் என்றும் சொல்வார்கள். அங்கிருந்து டிராக் லிங்க், டை ராடு என்ற கம்பிகள் வழியாகச் சக்கரம். ஆட்டம் இதில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் துளித்துளியாகச் சேர்ந்தும் இருக்கலாம். பழைய வண்டியில் பெரும்பாலும் அப்படித்தான்.

ஸ்பேனரை எடுக்கும் முன்

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், காற்று குறைந்த முன் டயரும் வண்டியை அலைய வைக்கும். அப்புறம் துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். ஜாக்கி வேண்டாம், வண்டி தன் எடையில் தரையிலேயே நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துணியும் போகாமல் கவனம். அவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்ட, நீங்கள் டார்ச்சோடு ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குத் தப்புவதும் விரலுக்குத் தப்பாது. மூட்டின் இரண்டு பாகங்களையும் சேர்த்துத் தொட்டால், ஒன்று நகர்ந்த பிறகு மற்றது ‘டிக்’ என்று பின்னால் வருவது தெரிந்துவிடும்.

பிறகு முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் சக்கரம் திரும்பும் அச்சான பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின், இல்லையென்றால் வீல் பேரிங். பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டும்போது ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி பேரிங். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் வந்தால், டை ராடு பக்கம் போங்கள்.

ஸ்க்ரூவும் மூட்டுகளும்

எல்லோருக்கும் முதலில் கை போவது அந்த ஸ்க்ரூவுக்குத்தான். பாக்ஸ் மூடியின் நடுவில் லாக் நட்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்; முறுக்கினால் செக்டரை உள்ளே ஓடும் நட்டோடு நெருக்கும். காசு செலவில்லை, பத்து நிமிட வேலை. ஆசை வராமல் என்ன செய்யும்?

சிக்கல் பற்களின் வடிவத்தில் இருக்கிறது. ஸ்டீயரிங் நேராக இருக்கும் நிலையில் செக்டரும் உள்ளே ஓடும் நட்டும் இறுக்கமாகக் கோத்துக்கொள்ளும்படியும், இரு பக்கமும் திரும்பத் திரும்ப இளகும்படியும்தான் பாக்ஸைச் செய்கிறார்கள். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தானே ஓடுகிறது? அதனால் தேய்வதும் அந்த நடுப்பகுதியே. தேய்ந்த நடுவை நிரப்ப ஸ்க்ரூவை முறுக்கினால், தேயாத ஓரங்கள் பிடித்துக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான். ஆட்டம் போகட்டும் என்று அரைச் சுற்று முறுக்கினேன். நேர் ரோட்டில் அருமையாகப் போனது. முதல் வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினேன், ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. கையால் இழுத்து நேராக்கிய அந்த இரண்டு நொடியை இன்னும் மறக்கவில்லை.

முறுக்கித்தான் ஆக வேண்டும் என்றால், இன்ஜினை அணைத்து, பாக்ஸை அதன் உண்மையான நடுவில் வைத்துச் செய்யுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஆலன் கீயால் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதுவும் கூடவே திரும்பும். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, மொத்தம் கால் சுற்று. அதற்கும் அடங்காத ஆட்டம் ஸ்க்ரூவின் வேலையே இல்லை.

‘உண்மையான நடு’ என்றேன். பலர் தவறவிடும் இடம் இது. ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் அதுதான் பாக்ஸின் நடு. அந்த நிலையில் சக்கரங்கள் நேராக இல்லையென்றால், முன்பு யாரோ டை ராடையோ டிராக் லிங்கையோ தப்பாகச் சரிசெய்துவிட்டு, ஸ்டீயரிங் வீலை மட்டும் கழற்றி நேராக மாட்டியிருக்கிறார்கள். வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் இளகிய பகுதியில் நிற்கும். பாக்ஸில் ஒரு குறையும் இல்லாமலே ஆட்டம் தெரியும். டிராக் லிங்கின் நீளத்தைச் சரிசெய்தால் போதும், ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

மூட்டுகளை மாற்றுவது அழுக்கான வேலை, ஆனால் விளைவு நிச்சயம். டை ராடு எண்ட், எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், டிராக் லிங்க் முனை என்று நான்கைந்து மூட்டில் தலா ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் சேர்ந்தால் ஸ்டீயரிங் விளிம்பில் அது விரற்கடை கணக்கில் பெருகி வரும். டை ராடு தன் அச்சில் லேசாக உருள்வது இயல்பு, அதைப் பார்த்து மாற்றிவிடாதீர்கள். குண்டு தன் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் அசைந்தால்தான் தேய்மானம். கழற்றும் முன் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மரைச் சுற்றையும் எண்ணுங்கள். ஒரு பக்கம் இடது மரையாக இருக்கும். புது நட்டில், அது கழன்றுவிடாமல் குத்தும் காட்டர் பின்னுக்கான துளை நேராக அமையவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளையைக் கொண்டுவர வேண்டும், தளர்த்தக் கூடாது. முடிந்த கையோடு அலைன்மெண்ட். டோ, அதாவது இரு முன் சக்கரங்களின் முகம் உள்ளே, வெளியே சாயும் அளவு, தப்பினால் புது மூட்டோடும் வண்டி அலையும், டயரும் தேயும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் என் ஓட்டு மூட்டுகளுக்கே. ஸ்க்ரூ கடைசியில்.

ரப்பர் கப்ளிங்கா, இரும்பு ஜாயிண்டா

ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் பாக்ஸும் சேரும் இடத்தில் பல பழைய பிக்கப்களில் துணி இழை வைத்த ரப்பர் வட்டு ஒன்று இருக்கும். இன்ஜின் சூட்டிலும் கசியும் எண்ணெயிலும் அது ஊறி மென்மையாகிவிடும். மேலே ஷாஃப்ட் திரும்பி, கீழே பாக்ஸின் முனை சற்றுக் கழித்துத் திரும்பினால் வட்டு போய்விட்டது. சில வண்டிகளில் ஹாரனுக்கான எர்த் இதன் வழியாகத்தான் போகும். ஸ்டீயரிங் ஆட்டமும் ஹாரன் மக்கரும் சேர்ந்து வந்தால் முதலில் இங்கே பாருங்கள். என் வண்டியில் கடைசியாகக் கண்டுபிடித்ததும் இதைத்தான். மூன்று விரலில் ஒரு விரல் இங்கேதான் ஒளிந்திருந்தது.

அதே மாதிரி புது வட்டு போடலாம், அல்லது இரும்பு யு-ஜாயிண்ட் வைத்த ஷாஃப்ட்டாக மாற்றலாம். இரும்பு துல்லியமானது, ஆனால் ரோட்டின் ஒவ்வொரு குழியையும் உள்ளங்கையில் எழுதும். பெரிய டயர் போட்டுக் கரடுமுரடான இடத்தில் ஓட்டுபவருக்கு அது சரி. அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பரையே போட்டேன், குறையொன்றும் தெரியவில்லை.

பாக்ஸை மாற்றுவது

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து, ஷாஃப்ட் திரும்பியும் பிட்மேன் ஆர்ம் தாமதித்தால் பாக்ஸ்தான். கொஞ்சம் பொறுங்கள். பாக்ஸை மாட்டியிருக்கும் போல்ட்களைப் பாருங்கள், சேஸிஸில் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டும்போது பாக்ஸே சேஸிஸோடு அசைந்தால் புது பாக்ஸ் வாங்கி என்ன பயன்?

சீல் கிட் எண்ணெய்க் கசிவை நிறுத்தும், ஆட்டத்தைக் குறைக்காது. அதை வாங்கிப் போட்டு ஏமாந்தவர்கள் நிறைய. முழுவதும் பிரித்து, தேய்ந்ததை மாற்றிச் சீர்செய்த பாக்ஸோ புதியதோதான் உண்மையான தீர்வு. பிட்மேன் ஆர்மைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுங்கள். சுத்தியலால் அடித்தால் அந்த அடி உள்ளே குண்டுகளுக்குப் போகும். பவர் ஸ்டீயரிங் என்றால், மாட்டிய பிறகு முன் சக்கரங்கள் தரையில் படாமல், இன்ஜினை ஓட்டாமல், ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றி, ஆயில் அளவைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

டாம்பருக்கு ஒரு வரி போதும்: அது அதிர்வை அமுக்கும், ஆட்டத்தை எடுக்காது, எடுத்ததுபோல் காட்டும்.

என் வண்டியில் இப்போது விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கும் குறைவான ஆட்டம் மிச்சம். பாக்ஸ் அதே பழையதுதான். முறுக்கிய அரைச் சுற்றை அன்றைக்கே திருப்பிவிட்டேன், லாக் நட்டுக்குப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு கோடும் போட்டு வைத்திருக்கிறேன்.