டீக்கு ஒரு பால், தயிருக்கு ஒரு பால்

சென்னையில் வேலை பார்க்கும் மகள், சித்திரை மாதம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மதுரைக்கு வந்தாள். பால், தயிர், நெய், முட்டை, கறி எல்லாவற்றையும் அவள் விட்டு ஆறு மாதம் ஆகிறது. அவள் பாட்டுக்கு எதையோ சமைத்துத் தனித் தட்டில் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. எங்கள் வீட்டு டீயும் தயிர்சாதமும் அவளுக்கும் கிடைக்கணும். அதனால் கடையில் சோயா, பாதாம், ஓட்ஸ் மூன்று பெட்டிகளையும் வாங்கினேன். தேங்காய்ப்பாலும் நிலக்கடலைப் பாலும் வீட்டிலேயே எடுத்தேன். ருசி பார்த்துச் சொல்ல அத்தை ஒத்துக்கொண்டார். என் மாமியார், எழுபதைத் தாண்டியவர், நாளுக்கு நாலு டீ குடிப்பவர். எந்த டம்ளரில் எது என்று தன்னிடம் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

முதலில் டீ. பசும்பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். அந்த வேலையை வேறு எது செய்யும் என்பதுதான் கேள்வி. பாதாம் செய்யவில்லை. பெரும்பாலான பெட்டிகளில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. டீ சாம்பல் நிறத்தில் தண்ணீராக நின்றது. தேங்காய்ப்பால் ஊற்றிய டீயில் எண்ணெய் மிதந்தது. கடலைப் பாலில் பச்சை வாசம். சோயா பரவாயில்லை. புரதம் 3 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட பசும்பால் அளவு, அதனால் டீக்கு ஒரு திடம் வருகிறது. மொச்சை வாடையை இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டால் அடக்கிவிடலாம். ஆனால் ஃபில்டர் காபியில் சோயா காலை வாரிவிட்டது. டிகாஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்ததும் திரிதிரியாகத் திரிந்துபோனது. சோயாவை இளஞ்சூடாக்கி, அதில் டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியபோது தப்பித்தது.

அத்தை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தது ஓட்ஸ் டீயை. ஆலையில் ஓட்ஸின் மாவுச்சத்தை நொதி சேர்த்துச் சர்க்கரையாக மாற்றுகிறார்கள். அதனால் தானாகவே ஓர் இனிப்பு இருக்கும். நாம் போடும் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். வீட்டில் ஓட்ஸை அரைத்துப் பிழிந்தால் இது வராது. அடுப்பில் வைத்ததும் கொழகொழவென்று கஞ்சியாகிவிடுகிறது. விலைதான் உறுத்துகிறது, ஒரு பெட்டிக் காசுக்கு நாலு லிட்டர் பசும்பால் வாங்கிவிடலாம். அதனால் காலை டீக்கு மட்டும் ஓட்ஸ் என்று வைத்துக்கொண்டோம். சாயங்காலம் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி, அதற்கு எந்தப் பாலும் வேண்டாம்.

பெட்டி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். காபிக்குக் கலக்கும் 'நான்-டெய்ரி', அதாவது பால் சேராதது என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பாலிலிருந்து எடுப்பது. மகளைப் போலப் பால், முட்டை, கறி எதையும் தொடாதவர்களின் வீகன் உணவுக்கென்றே 2022-ல் மத்திய அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது. இலை முளைத்த பச்சை நிற 'வி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தயிரில் கதை தலைகீழ். பெட்டிப் பாலை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு நிலக்கடலை முன்னால் வந்துவிட்டது. ஒரு தம்ளர் பச்சைக் கடலையை இரவு ஊறவைத்து, காலையில் தோலைத் தேய்த்து எடுத்தேன். வெண்ணெய் போல அரைத்து, மூன்று தம்ளர் தண்ணீர் விட்டு வேட்டித் துணியில் பிழிந்து, அடிபிடிக்காமல் கிண்டியபடி பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், உறைமோருக்குப் பதில் பத்து பச்சை மிளகாய்க் காம்புகள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே உறைய வைத்துவிடும். முதல் தடவை நீர்த்துத்தான் இருந்தது. அதில் ஒரு கரண்டி எடுத்து இரண்டாம் தடவை உறை ஊற்றினேன். மூன்றாம் தடவை, சட்டியைச் சாய்த்தாலும் அசையாமல் கட்டியாக நின்றது. கரண்டி போட்ட இடத்தில் வெட்டினாற்போல் விளிம்பு, பள்ளத்தில் தெளிந்த நீர்.

அதைச் சோற்றில் பிசைந்து, இஞ்சி, பச்சை மிளகாய், நல்லெண்ணெயில் தாளித்த கடுகு போட்டு அத்தையிடம் கொடுத்தேன். மாங்காய் ஊறுகாயோடு பாதித் தட்டு காலி.

"ஏத்தா, கட்டித் தயிர் எந்தக் கடையில வாங்குன?"

"கடலைத் தயிர் அப்பத்தா," என்றாள் மகள்.

"நெசமாவா? அப்ப நாளைக்கும் இதையே வையி."

சோயாவும் உறையத்தான் செய்கிறது, ஆனால் தாளித்த பிறகும் வாடை போகவில்லை. தேங்காய்ப்பால் நன்றாகப் புளிக்கிறது, ஆனால் மேலே கொழுப்பு, கீழே தண்ணீர் என்று பிரிந்துவிடுகிறது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் இந்தப் பக்கமே வரக் கூடாது, அவர்களுக்குச் சோயாதான்.

ஜிகர்தண்டாவில் எனக்குப் பெரிய ஆசை இருந்தது. அதில் கடல்பாசி, பாதாம் பிசின், நன்னாரி சர்பத் எல்லாமே செடிகொடி வகைதான். மாற்ற வேண்டியது சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும் மட்டும். சோழவந்தான் தேங்காயில் முதல் பால் எடுத்துக் காய்ச்சினேன். கொதி ஏறியதும் எண்ணெய் விட்டது. தீயைக் குறைத்துச் சமாளித்தாலும், தேங்காய் வாசமும் நன்னாரி வாசமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. முந்திரியை ஊறவைத்து அரைத்த பால் அதைவிட நன்றாகச் சுண்டியது. பசும்பால் சுண்டும்போது அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்துதான் அந்தப் பழுப்பு நிறம் வருகிறது. முந்திரிக்கு அது வராததால் சர்க்கரையைக் கருக்கி ஊற்றினேன். குளிரவைத்துக் குடித்தால் ருசியான பானம்தான். விளக்குத்தூண் பக்கம் நின்று குடிக்கும் அந்த டம்ளருக்கு ஈடா என்றால், இல்லை. பாலாடைக்கு மாற்று எனக்கு இன்னும் அகப்படவில்லை.

அந்த ஏமாற்றத்தோடு சாயங்காலம் கடைவீதிக்குப் போனபோதுதான் பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டது. இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை! பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அரிசிமாவு கரைத்துக் காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய், தேங்காய்ப்பூ போட்டுக் கொடுக்கிறார்கள். மாட்டுப்பால் சேர்ப்பதுண்டா என்று மகள் கேட்டுக்கொண்டாள், இல்லை என்றதும் இரண்டு டம்ளர் குடித்தாள். எதைப் போலவும் இருக்க முயலாத பால் இது, பிறந்ததிலிருந்து எங்கள் தெருவில் விற்கிறது. என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேலே இதைத்தான் வைப்பேன்.

கறிக்கு மாற்றாகச் சுக்கா வறுவலில் இரண்டைப் பார்த்தோம். பலாப்பிஞ்சு நார்நாராகப் பிரிந்து மிளகு மசாலாவை உறிஞ்சியதில் ருசி அதற்குத்தான். ஆனால் சத்தில் மீல் மேக்கர் எங்கேயோ இருக்கிறது, உலர்ந்த எடையில் பாதி புரதம். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை ஒட்டப் பிழிந்தால்தான் வாடை போகும்.

இவை எதிலும் இயற்கையாகக் கிடைக்காதது பி12. அதற்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்கச் சொல்லி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கேப்பை இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். காலையில் கேப்பைக் கூழில் கடலை மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று ஒரு சின்ன டப்பாவில் கடலைத் தயிரை உறைமோருக்காக எடுத்து வைத்தேன். பஸ்ஸில் புளித்துப் போனால் என்ன செய்வாள் என்று, அத்தை பத்து மிளகாய்க் காம்பைக் காகிதத்தில் மடித்து அவள் பைக்குள் வைத்தார்.