பெரிங்கர் எக்ஸ்32-இலிருந்து கணினிக்கு 32 டிராக்: யுஎஸ்பி கார்டும் அதன் ரூட்டிங்கும்

பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸரின் பின்புறம் இருப்பது பழைய எக்ஸ்-யுஎஃப் கார்டாக இருக்கலாம், எக்ஸ்-யுஎஸ்பி-யாக இருக்கலாம், எஸ்டி கார்டிலும் பதிவு செய்யும் எக்ஸ்-லைவ்-ஆகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒரே யுஎஸ்பி கேபிளில் 32 சேனலைக் கணினிக்கு அனுப்பி, 32 சேனலைத் திரும்ப வாங்கும். ஒலித்தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த மிக்ஸர் கைகொடுக்கிறதா, காலை வாருகிறதா என்பது, எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று அமைக்கும் ரூட்டிங் பக்கத்தில்தான் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது, சிக்னல் எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பது. ரூட்டிங்கில் கார்டு அவுட் டேபைத் திறந்து, எட்டு சேனல் கொண்ட நான்கு தொகுதிகளுக்கும் லோக்கல் (மிக்ஸரின் சொந்த இன்புட்) 1-8, 9-16, 17-24, 25-32 என்று வைத்தால், மைக் ஒலியை முதலில் உயர்த்தும் பிரீஆம்ப் கெயினுக்குப் பிறகும், ஒலியைத் திருத்தும் கேட், ஈக்யூ, கம்ப்ரசர், அளவை ஏற்றி இறக்கும் ஃபேடர் ஆகியவற்றுக்கு முன்பும் உள்ள ஒலி கணினிக்குப் போகும். நேரடி நிகழ்ச்சிக்கு இதுதான் சரி. மேடைக்காக ஃபேடரை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் பதிவில் அது தெரியாது. ஆனால் பாதி நிகழ்ச்சியில் கெயினைத் தொட்டால் அந்த மாற்றம் டிராக்கிலும் அப்படியே விழும். சராசரி மைனஸ் 18 டெசிபல் அளவிலும், உச்சம் மைனஸ் 10-ஐத் தாண்டாமலும் தொடக்கத்திலேயே வைத்துவிட்டு, பிறகு கெயினை விட்டுவிடுவது நல்லது.

செட்டப் பக்கத்தின் கார்டு டேபில் சேனல் எண்ணிக்கையை 32 உள்ளே, 32 வெளியே என்று வைக்க வேண்டும். அது 8-லோ 2-லோ நின்றிருந்தால் சாஃப்ட்வேரில் அத்தனை சேனல்தான் தெரியும். டிரைவர் கெட்டுவிட்டது என்று பலர் திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்வது இதனால்தான். விண்டோஸுக்கு நிறுவனத்தின் ஏசியோ டிரைவர் (சாஃப்ட்வேருக்கு எல்லாச் சேனலையும் தருவது) வேண்டும், மேக்குக்குத் தேவையில்லை. ரீப்பர் என்ற பதிவு சாஃப்ட்வேரில் பிரெஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஏசியோவைத் தேர்ந்து, இன்புட் வரம்பை 1 முதல் 32 வரை திறந்துவிடுங்கள். மிக்ஸரின் கிளாக் இன்டர்னலில் இருக்கட்டும். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பது) இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானது 48-இல் ஓடினால் பாட்டு சுமார் ஒன்றரை அரைச்சுரம் மேலே ஏறி வேகமாகக் கேட்கும்.

32 டிராக், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் மணிக்கு 16.6 ஜிகாபைட் இடம் வேண்டும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரை 256 அல்லது 512 சாம்பிளில் வைக்கலாம். காதில் கேட்பதை மிக்ஸரே பார்த்துக்கொள்வதால் அதற்கும் கீழே இறக்கிக் கணினியைத் திணறடிக்க வேண்டியதில்லை. கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவில் ஹப் வேண்டாம். விண்டோஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி மின்சிக்கனத்தை அணைத்துவிடுங்கள்.

நெடுநாள் குறையாக இருந்தது, எல்லாமே எட்டு எட்டாக மட்டுமே நகர்ந்ததுதான். ஃபர்ம்வேர் 4.0-இல் வந்த, சேனல்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க விடும் யூசர் இன், யூசர் அவுட் வசதிகள் அதைத் தீர்த்தன. இன்னும் பழைய ஃபர்ம்வேரில் ஓட்டுபவர்கள் இதற்காகவே புதுப்பிக்க வேண்டும். இப்போது 30 மைக்கோடு மெயின் மிக்ஸையும் பதியலாம். அவுட்புட் 15, 16-இல் மெயின் இடது, வலது போகிறதா என்று பார்த்துவிட்டு, யூசர் அவுட் 31, 32-க்கு அந்த இரண்டையும் கொடுங்கள். 25 முதல் 30 வரை லோக்கல் 25 முதல் 30. பிறகு கார்டு அவுட்டின் கடைசித் தொகுதியை யூசர் அவுட் 25-32-க்கு மாற்றினால் முடிந்தது.

ஒரு ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கணினியின் ஸ்டீரியோ ஒலியைக் கேட்க ஆக்ஸ் இன் என்ற கூடுதல் இன்புட் பகுதியைக் கார்டு 1-2-க்கு மாற்றுவது வழக்கம். அந்த ஆக்ஸ் மெயினுக்குப் போகிறது, மெயின் டிராக் 31, 32-க்குப் போகிறது. அந்த டிராக்குகளில் ரெக்கார்ட் மானிட்டரிங் (உள்ளே வரும் ஒலியைச் சாஃப்ட்வேர் அப்படியே திருப்பி அனுப்புவது) திறந்திருந்தால் ஒலி வட்டமடித்து ஊளையிடும். மற்ற டிராக்குகளில் திறந்திருந்தால் குரல் இரண்டு முறை, சற்றுத் தள்ளிக் கேட்டு, குழாய்க்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். பதியும்போது எல்லா டிராக்கிலும் மானிட்டரிங்கை அணைத்தே வையுங்கள்.

இந்த மிக்ஸரை மனதாரப் பரிந்துரைக்க வைப்பது ரூட்டிங்கில் இருக்கும் ரெக்கார்ட், பிளே மாற்றி. ரெக்கார்ட் பக்கம் லோக்கலும், பிளே பக்கம் கார்டும் வைத்துவிட்டால், ஒரே தொடுதலில் நேற்றைய பதிவு இன்றைய மைக் சேனல்களில் ஓடும். இசைக்குழு வருவதற்கு முன்பே ஈக்யூவையும் மானிட்டரையும் சரிசெய்துவிடலாம். சாஃப்ட்வேரில் டிராக் 1 ஹார்டுவேர் அவுட் 1-க்கு என்று ஒவ்வொன்றையும் தனியே அனுப்பி, மாஸ்டருக்குப் போகும் இணைப்பை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முழு மிக்ஸும் 1, 2-இல் சேர்ந்து கொட்டும். இந்த நிலையில் கெயின் குமிழ் பிரீஆம்பைத் தொடாது, கூட்டல் கழித்தல் 18 டெசிபல் டிரிம்மாகத்தான் வேலை செய்யும். அறிவிப்பாளர் மைக் உயிரோடு இருக்க வேண்டுமானால் அது இருக்கும் எட்டின் தொகுதியை பிளே பக்கத்திலும் லோக்கலாக விடுங்கள்.

சீன் (சேமித்துவைத்த மிக்ஸர் அமைப்பு) மாற்றும்போது ரூட்டிங்கும் சேர்ந்து மாறிவிடக்கூடும். பாராமீட்டர் சேஃப்பில் ரூட்டிங்கையும் அவுட் பேட்சையும் பூட்டாமல் நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள்.

மேக்கி கன்ட்ரோல் என்ற ரிமோட் முறை வழியாக எட்டு குரூப் ஃபேடர்களால் சாஃப்ட்வேரை இயக்கவும் முடியும். மிக்ஸிங்குக்குப் போதும், எடிட்டிங்குக்கு மவுஸே மேல்.

48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இது போகாது. 96 வேண்டுமென்று நிற்பவர்கள், அந்த ரேட்டிலும் யுஎஸ்பியில் 32 சேனல் தரும் ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ வரிசையைப் பார்க்கலாம்.