சுங்குடியில் குர்தா: மதுரை புட்டீக் ஒன்றின் கோடை வரவு

ஒரு குர்தாவை வாங்கலாமா என்பதை அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன். கழுத்தில் எம்பிராய்டரி எவ்வளவு அழகாக இருந்தாலும், அக்குள் தையலில் நூல் பிசிறிக்கொண்டு நின்றால் ஹேங்கரைத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுவேன். மதுரை வெயிலில் காலையில் பேருந்து பிடித்து, கல்லூரியில் மதியம் வரை நின்றபடி வகுப்பெடுத்து, சாயங்காலம் அதே உடையில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவள் நான். வியர்வை ஊறுவதும் தோலில் உரசுவதும் உள்பக்கம்தான். அதைக் கவனிக்காமல் தைத்த டிசைனர் உடை எனக்கு எதற்கு?

கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சின்ன புட்டீக் ஒன்றில் இந்தக் கோடைக்கு வந்திருக்கும் உடைகள் அந்தப் பரிசோதனையில் நன்றாகவே தேறின. புட்டீக் என்று பெயர் வைத்துக்கொண்டு, வடக்கிலிருந்து கட்டுக்கட்டாக வரும் செட்டுகளில் சொந்த லேபிளைத் தைத்து மாட்டுகிற கடைகள் ஊரில் நிறைய இருக்கின்றன. இங்கே அப்படியில்லை. உள்ளறையில் வெட்டும் மேசையும் நான்கு தையல் மெஷின்களும் ஓடுவது கதவு திறந்திருந்தால் வாசலிலிருந்தே தெரியும். துணியில் பெரும்பகுதி நம் பக்கத்துத் துணி.

இந்தத் தடவை முழு வேலையும் சுங்குடியைச் சுற்றித்தான். மதுரைச் சுங்குடி நமக்கெல்லாம் பாட்டி உடுத்திய சேலையாகத்தான் பழக்கம். பல தலைமுறைகளாக இந்த ஊர்ச் சௌராஷ்டிர மக்கள் கைவசம் இருக்கிற தொழில். துணியை மடித்து, கிள்ளி, நூலால் சின்னச் சின்ன முடிச்சாகப் போட்டுக்கொண்டே போய், அப்புறம் சாயத்தில் முக்கி, காய்ந்ததும் முடிச்சுகளை அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பாலானவை மெழுகு அச்சிலோ ஸ்கிரீன் பிரிண்டிலோ புள்ளி வைத்தவை. அதில் தப்பொன்றும் இல்லை. கைக்கட்டு என்று சொல்லி அச்சைக் கைக்கட்டு விலைக்கு விற்பதுதான் தப்பு.

இந்தக் கடையின் மேல் எனக்கு மதிப்பு வந்தது அங்கேதான். ஒவ்வொரு உடையின் விலைச்சீட்டிலும் ‘கைக்கட்டு’ அல்லது ‘மெழுகு அச்சு’ என்று தமிழில் எழுதியிருக்கிறார்கள். கேட்காமலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நான் ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்தேன். அரக்கு நிறத்தில் ஒரு கைக்கட்டு குர்தா. புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று கொஞ்சம் சப்பை, ஒன்று கொஞ்சம் நீளம். சில புள்ளிகளின் நடுவே சாயம் ஊசிமுனை அளவுக்கு ஊறி நிற்கிறது. முடிச்சு இறுக்கிய இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கிறது, விரலை ஓட்டினால் தட்டுப்படுகிறது. பின்பக்கம் திருப்பினால் நிறம் கொஞ்சம்கூட வெளிறவில்லை. பக்கத்தில் மாட்டியிருந்த மெழுகு அச்சுக் குர்தாவில் புள்ளிகள் ஒரே அளவில் நேர் வரிசையாக நின்றன. சீட்டில் எழுதியது இரண்டிலும் சரி.

இனி வெட்டு. சுங்குடிச் சேலையை அப்படியே வெட்டி ஏ-லைன் குர்தா, அதாவது கீழே போகப்போக விரிகிற குர்தா, தைக்கிற தையல்காரர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏ-லைனின் கீழ்விளிம்பு வளைந்து போகும். சேலையின் கரையோ நேர்கோடு. நேரான கரையை வளைந்த விளிம்பில் வைத்துத் தைத்தால் அங்கங்கே சுருக்கம் விழும், இஸ்திரி போட்டாலும் போகாது. இந்தக் கடையில் அந்த வம்பே இல்லாமல் செய்திருக்கிறார்கள். மார்புக்கு மேலே யோக் எனும் தோள்பகுதித் துண்டைத் தனியாக வெட்டி, கீழே நேரான துண்டுகளைச் சுருக்கு வைத்து இறக்கியிருக்கிறார்கள். அதனால் கரை கீழ்விளிம்பில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சுற்றி வருகிறது. பக்கத் தையலில் முன்துண்டின் புள்ளி வரிசையும் பின்துண்டின் புள்ளி வரிசையும் கிட்டத்தட்ட நேராகச் சந்திக்கின்றன. அப்படிப் பொருத்தி வெட்டினால் துணி வீணாகும். அந்த வீணைத் தாங்கிக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள்.

உள்பக்கம் பிரெஞ்சு தையல். அதாவது துணியின் பிசிறு விளிம்பை உள்ளே வைத்து மூடி இரண்டு தடவை தைப்பது. பிசிறை மெஷினில் சுற்றித் தைக்கிற ஓவர்லாக் நூல் அக்குளில் உரசிச் சிவக்கிற தொந்தரவு இதில் இல்லை. கழுத்துக்கு உள்ளே வைத்திருக்கும் பட்டி அதே பருத்தியில். பல விலையுயர்ந்த குர்தாக்களில்கூட மேலே பருத்தி, உள்ளே பாலியஸ்டர் லைனிங் என்று வைத்து வெயில் காலத்தில் கொன்றுவிடுகிறார்கள். இங்கே லைனிங் தேவைப்பட்ட வெளிர் நிற உடைகளுக்கு மெல்லிய பருத்தியான மல் துணி கொடுத்திருக்கிறார்கள். கை வைத்துப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பாக்கெட் இருக்கிறது. பேருக்கு வைத்த பாக்கெட் இல்லை, என் கைபேசி முழுக்க உள்ளே போய் நிற்கிற ஆழம். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சில்லறை எடுக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். 32-லிருந்து 46 வரை எல்லா டிசைனிலும் வைத்திருக்கிறார்கள். 46-க்கு வேறு விலை போடவில்லை. பெரிய அளவுக்காரர்களுக்கு ஒரு மூலையில் கறுப்பும் கருநீலமும் தொங்கவிடுகிற பழக்கம் இங்கே இல்லை. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ராணி பிங்க் எல்லாமே 46-லும் உண்டு. பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிரித்துத் தைத்தால் சுற்றளவில் மூன்று அங்குலம் வரை கிடைக்கும். பிரசவத்துக்குப் பிறகு உடம்பு மாறியவர்களுக்கும், மாத்திரையால் எடை ஏறியவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உபகாரம்! கடைப் பெண்ணிடம் கேட்டேன். “ஒரு வருஷம் வரைக்கும் பிரிச்சுத் தைச்சுத் தர்றதுக்குக் காசு வாங்க மாட்டோம்க்கா, துணிய மட்டும் துவைச்சுக் கொண்டுவாங்க” என்றது அந்தப் பெண்.

மெழுகு அச்சுக் குர்தா 1,450-லிருந்து 1,900 ரூபாய். கைக்கட்டு 3,200-லிருந்து தொடங்குகிறது. பேன்ட்டும் துப்பட்டாவும் தனித்தனி விலை, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இப்போதைய ஜி.எஸ்.டி. கணக்கில் இது வாங்குகிறவருக்கு நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். செட்டாகச் சேர்த்து ஒரே விலை போட்டால் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் செய்த துணி என்பதால்தான் அந்தக் கைக்கட்டுக் குர்தா 2,500-ஐத் தாண்டுகிறது. கைவேலை கூடக்கூட வரியும் கூடுகிறது என்றால் முடிச்சுப் போடுகிற பெண்களுக்குக் கூலி எப்படி ஏறும்? கடைக்காரர் விலையைக் கொஞ்சம் உயர்த்தினாலே வாங்க வருகிறவர் வரியைப் பார்த்துத் தயங்குகிறார். இதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது. விலைச்சீட்டில் இருப்பது வரியும் சேர்ந்த தொகை, பில்லில் பிரித்துக் காட்டுகிறார்கள்.

நான் எடுத்தது அரக்குக் கைக்கட்டு ஒன்று, மஞ்சள் மெழுகு அச்சு ஒன்று. துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்திவிடுகிறோம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். துவைத்த பிறகு உயரம் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அரக்கில் முதல் தண்ணீரில் கொஞ்சம் சாயம் இறங்கியது, அடுத்த தண்ணீரில் நின்றுவிட்டது. நிழலில் காயப்போடுங்கள். கைக்கட்டில் அந்தப் புடைப்பு பிடித்திருந்தால் அழுத்தி இஸ்திரி போடாதீர்கள்.

குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வரவழைத்த அஜ்ரக் அச்சுத் துணியில் கையில்லாத ஜாக்கெட்டுகளும் வைத்திருக்கிறார்கள். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் கண்ணுக்கு விருந்துதான். அவுரி நீலம் புதிதில் கையிலும் வெள்ளைக் குர்தாவிலும் ஒட்டும், அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அதே ஜாக்கெட் ஊரில் வேறு இடங்களிலும் கிடைக்கும். இதற்காக இங்கே வர வேண்டாம்.

காரைக்குடிக் கண்டாங்கியில் தைத்த முழங்கால் வரையிலான ஃபிராக் எனக்குச் சரிப்படவில்லை. செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் கறுப்புக் கரையுமாக அந்தக் கட்டம் என்ன கம்பீரம்! 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற துணி. ஆனால் கண்டாங்கி தடிமனானது. சேலையாகக் கட்டும்போது உடம்பை விட்டு விலகிக் காற்றோட்டமாக நிற்கும். அதையே இடுப்பைப் பிடித்துத் தைத்து, உள்ளே லைனிங்கும் கொடுத்தால் சித்திரை மாதத்தில் யார் போடுவது? இதைக் கடை நடத்தும் அம்மாவிடமே சொன்னேன். முன்பக்கம் திறந்த நீளக் கோட்டாகத் தைத்து ஐப்பசிக்கு வையுங்கள், முதல் ஆளாக வந்து வாங்குகிறேன் என்றேன். மறுத்துப் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

துணையணிகளில் என்னை நிறுத்தி வைத்தது பத்தமடைப் பாயில் செய்த கைப்பை. திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணிக் கோரையை மெல்லிய இழையாகக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்கிற பாய் அது. நல்ல பாயைத் தொட்டால் துணி போலவே மடியும். அந்த நைஸ் ரகத்தைத்தான் பையின் முகப்பில் கொடுத்திருக்கிறார்கள். மேல்விளிம்பில் கோரை நுனி பிரிந்து வராதபடி தோல் பட்டி வைத்து மடித்துத் தைத்திருக்கிறார்கள், அடியில் நான்கு பித்தளைக் குமிழ். உள்ளே சுங்குடி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளே லைனிங். 1,650 ரூபாய். ஒரு டிபன் பாக்ஸ், தண்ணீர்ப் பாட்டில், விடைத்தாள் கட்டு ஒன்று, எல்லாம் வைத்து நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன், பிடி தளரவில்லை. மழையில் மட்டும் நனைய விடக்கூடாது.

கோலாப்பூரிச் செருப்பும் இருக்கிறது. 2025 ஜூனில் மிலானில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடா காட்டிய ஆண்கள் செருப்பு இதே சாயலில் இருந்ததும், இந்தியாவில் கூச்சல் எழுந்த பிறகு அந்த வடிவத்தின் வேர் இந்தியக் கைவினை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதும் நினைவிருக்கும். அதற்கப்புறம் ஊரெல்லாம் கோலாப்பூரி. இங்கே இருப்பது அசல் தோல்தான், ஆனால் புதிதில் கடிக்கும். பேருந்துக்கு ஓடுகிறவர்களுக்கு ஆகாது.

நகைப் பகுதிக்கு வந்தால் கோபம்தான் வருகிறது. துணியில் அவ்வளவு நேர்மையாகச் சீட்டு எழுதுகிறவர்கள் ஜிமிக்கியில் ‘சில்வர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். வெள்ளி ஒரு பொட்டும் கிடையாது. நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கு ஒத்துக்கொள்ளாது. அங்கேயே ஜிமிக்கியைப் போட்டுப் பார்த்தேன், கடையை விட்டு இறங்குவதற்குள் காது மடல் அரிக்க ஆரம்பித்துவிட்டது. கைக்கட்டா அச்சா என்று தமிழில் எழுதத் தெரிந்த கைக்கு இதில் என்ன உலோகம் என்று எழுதுவது சிரமமா? 92.5 வெள்ளி வேண்டுமென்றால் தெற்கு மாசி வீதிப் பக்கம் போய் எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வேண்டாம்.

உடை மாற்றிப் பார்க்கும் அறையும் சரியில்லை. மின்விசிறி கிடையாது. மஞ்சள் விளக்கு என்பதால் அரக்கு செங்கல் நிறமாகத் தெரிகிறது. நிறத்தை ஜன்னலோரம் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கியதை ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம், பணம் திரும்பக் கிடைக்காது.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்துவிடுகிறது, ஒரே பெண்தான் எல்லாருக்கும் எடுத்துக் காட்டுகிறது. காலையில் கடை திறந்ததும் போனால் நிதானமாகப் பார்க்கலாம். கைக்கட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் சில உருப்படிகள்தான் தைக்கிறார்கள். நான் வரும்போது 46-ல் கிளிப்பச்சை தீர்ந்துவிட்டது. அரக்கும் மஞ்சளும் இருந்தன. வெளியே மாட்டாத அளவுகளை உள்ளறையில் மடித்து வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் எடுத்து வருவார்கள். கேளுங்கள்.