மின்விசிறியா, பழைய கணினியா: பிரித்து எடுக்கத் தொடங்குபவர் எதில் கை வைக்கலாம்?

பழைய பொருளைப் பிரித்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தரம் பார்த்து எடைக்குப் போடும் பொழுதுபோக்குக்கு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் யூடியூபில் யாரோ கணினியின் முதன்மை மின்னணுப் பலகையான மதர்போர்டிலிருந்து தங்கம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதனால் எடுத்த எடுப்பில் கணினி, செல்போன் பக்கம் போய்விடுகிறார்கள். என் கணக்கில் அது தலைகீழ். முதலில் மோட்டார் உள்ள வீட்டுச் சாமான்கள், அதிலும் சீலிங் ஃபேன். மேசைக் கணினி இரண்டாவது. மற்றவை எல்லாம் அப்புறம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சீலிங் ஃபேன் நாலு கிலோ பக்கம் இருக்கும். இறக்கைகளும் மேல், கீழ் மூடிகளும் பெரும்பாலும் அலுமினியம். தண்டு இரும்பு. நடுவில் தகடு தகடாக அடுக்கிய இரும்பு உருளை, அதில் சுற்றிய செம்புக் கம்பி. பழைய ஃபேனில் இந்தக் கம்பி கால் கிலோவுக்கு முன்னே பின்னே தேறும். பழைய இரும்புக் கடையில் செம்பின் விலை இரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல். ஆக, ஃபேனை அப்படியே இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு வந்தால், அந்தக் கால் கிலோ கம்பிக்கு உரிய காசுகூடக் கைக்கு வராது. நாமே பிரிப்பதன் லாபம் இவ்வளவுதான், ஆனால் இது நிச்சயமான லாபம்.

வேலையும் கடினமில்லை. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், சுத்தியல், உளி, கட்டிங் பிளேயர் போதும். மூடிகளைக் கழற்றி, நடு உருளையை வெளியே எடுத்து, ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் கம்பிச் சுருள்களை உளியால் வெட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து பிளேயரால் இழுத்தால் கொத்துக் கொத்தாக வரும். வார்னிஷ் இறுகிப்போயிருந்தால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் உளியைத் தொடாதீர்கள், வெட்டிய கம்பி முனை ஊசி மாதிரி குத்தும். ஃபேனோடு வரும் சின்னக் கப்பாசிட்டரை (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) முதலிலேயே வெட்டித் தனியே வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. செம்பு நிறத்தில் இருக்கும் கம்பி எல்லாம் செம்பு இல்லை. மலிவான மோட்டார்களிலும் ஸ்டெபிலைசர்களிலும் அலுமினியக் கம்பி சுற்றியிருப்பார்கள், மேலே பூசிய வார்னிஷ் செம்பு நிறத்தில் மினுங்கும். அரத்தால் லேசாக ஒரு தேய் தேய்த்தால் வெள்ளி நிறம் தெரிந்துவிடும். கையில் தூக்கினாலே தெரியும் என்று பழகியவர்கள் சொல்வார்கள். உண்மைதான், ஒரே அளவு செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனக்கும். மின்சாரம் குறைவாக எடுக்கும் இன்றைய பிஎல்டிசி ஃபேன்களில் கதை வேறு: காந்தமும் ஒரு சின்ன மின்னணு போர்டும் இருக்கும், பழைய ஃபேன் அளவுக்குச் செம்பை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது மேசைக் கணினி. முழு சிபியூவையும் பிரித்தால் கிடைப்பதில் அதிக எடை வெறும் இரும்புத் தகடுதான், அதாவது வெளிப்பெட்டியான கேபினெட். சூட்டைத் தணிக்கும் ஹீட் சிங்க் அலுமினியம், சிலவற்றில் நடுவில் செம்பு. வயர்களில் கொஞ்சம் செம்பு. மதர்போர்டும் ராம் என்ற நினைவகப் பட்டையும் தனித்தனி விலையில் கிலோ கணக்கில் போகும். போர்டு வாங்கும் ஆள் தெரு முனைக் கடையில் இருக்க மாட்டார், தேடித்தான் போக வேண்டும். ஃபேனைப் பிரித்த அன்றே காசாக்கலாம். கணினி போர்டைச் சேர்த்து வைத்து, ஓரளவு எடை சேர்ந்த பிறகுதான் போய்க் கேட்க முடியும். வீட்டில் இடம் இல்லாதவருக்கு இது பெரிய விஷயம். வீட்டில் உள்ளவர்களின் பொறுமைக்கும்தான்.

ஆனால் கணினிக்கு ஒரு தனிப் பலம் உண்டு. ஓடுகிற நிலையில் உள்ள ராம், எஸ்எஸ்டி (தகவல் சேமிக்கும் பாகம்), கேபினெட் ஃபேன், பவர் கார்டு போன்றவற்றை உலோகமாகப் போடுவதைவிடப் பாகமாகவே விற்றால் பல மடங்கு கிடைக்கும். சென்னையில் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவில் பழைய பாகங்களுக்கு என்றைக்கும் கிராக்கி உண்டு. ஆகவே மின்னணுப் பொருளில் முதல் கேள்வி "என்ன உலோகம்?" என்பதல்ல, "ஓடுகிறதா?" என்பதுதான். சோதித்துப் பார்க்க ஆர்வமும் கொஞ்சம் கணினி அறிவும் உள்ளவருக்கு, நான் போட்ட வரிசை மாறலாம். ஒத்துக்கொள்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் தனியாகப் பேச வேண்டிய பண்டம். பிரிப்பதற்கு இதைவிடச் சுவாரசியமான பொருள் கிடையாது. அலுமினிய உடல், கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத்தகடுகள், உள்ளே இரண்டு நியோடிமியம் காந்தங்கள். காந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போது நடுவில் விரல் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். நட்சத்திர வடிவத் தலை கொண்ட ஸ்க்ரூக்கள் இருப்பதால் டார்க்ஸ் பிட் வேண்டும். லேப்டாப் ஹார்ட் டிஸ்கின் தகடு பல சமயம் நிஜமாகவே கண்ணாடிதான், வளைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அடுத்தவர் கணினி என்றால் உள்ளே இருப்பது அவர்களுடைய போட்டோவும் வங்கி விவரமும். அவர்களிடமே கேட்டு, தகட்டை அவர்கள் கண் முன்னே ஓட்டை போட்டுக் காட்டிவிடுவது மரியாதை.

ஆபத்து என்று பார்த்தால் ஃபேன் பக்கம் உளி, சுத்தியல் காயத்தோடு போய்விடும். கணினியில் அதற்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி இருக்கிறது. நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்னோட்டமாக (டிசி) மாறும்போது பெரிய கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் மிச்சம் இருக்கும். இரண்டு நாள் சும்மா போட்டுவிட்டு, திறந்ததும் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மல்டிமீட்டர் இல்லையா, திறக்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள், உள்ளே இருக்கும் செம்பு அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

சரி, தங்கம்? டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் முழுவதும் 2017 முதல் 2019 வரை பழைய மின்னணுப் பொருள்களைச் சேகரித்தார்கள். கிட்டத்தட்ட 79 ஆயிரம் டன் சாமான், அதோடு 62 லட்சம் செல்போன்கள். நவீன ஆலைகளில் போட்டு எடுத்தும் பதக்கத்துக்குக் கிடைத்த தங்கம் 32 கிலோ. வந்த தங்கம் முழுவதும் போனில் இருந்ததுதான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு போனுக்கு 5 மில்லிகிராம்தான். மொட்டை மாடியில் அமிலக் குடுவையோடு உட்காருபவருக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது வரும் பழுப்புப் புகை நுரையீரலை நேரடியாகத் தாக்கும். மிஞ்சிய அமிலத்தைக் கொட்ட இடம் கிடையாது. இந்த வழியை ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன்.

ஃபேன், கணினி இரண்டையும் தவிர வீட்டில் கிடைப்பவை சில. பழைய குழாய்கள் நல்ல ஆரம்பம்: குரோம் பூச்சுக்கு அடியில் அரத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் மலிவான துத்தநாகக் கலவை. காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் அரம்தான் சாட்சி. மிக்சி மோட்டார் சின்னது, செம்பு குறைவு, பிரிக்கப் பழக மட்டும் நல்லது. தண்ணீர் பம்ப் மோட்டார் கிடைத்தால் யோகம். மைக்ரோவேவ் அடுப்பைத் தொடாதீர்கள், அதன் கப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட் சமாச்சாரம். ஃப்ரிட்ஜும் வேண்டாம், புதிய மாடல்கள் பலவற்றில் உள்ள வாயு தீப்பிடிக்கும் ஐசோபியூட்டேன். பழைய குண்டு டிவியின் திரைக் குழாயில் ஈயம் கலந்த கண்ணாடி, உள்ளே வெற்றிடம், உடைத்தால் வெடிப்பது போலச் சிதறும்.

வயரில் உள்ள செம்பை எடுக்க இரண்டு வழிகள் உண்டு என்பார்கள்: உரிப்பது, கொளுத்துவது. இதில் ஒப்பிட எதுவும் இல்லை. வயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வரும், கருகிய கம்பிக்குக் கடைக்காரரும் விலையைக் குறைப்பார். தடித்த வயரைக் கத்தியால் உரியுங்கள். மெல்லிய வயரை உரிக்காமல் வயர் விலைக்கே போட்டுவிடுங்கள், நேரம் மிச்சம்.

எங்கே போடுவது? இரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை எல்லாம் பக்கத்துக் காயலான் கடையில் போகும். கொண்டுபோகும் முன் வீட்டிலேயே தனித்தனிப் பையில் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள், கொக்கித் தராசு ஒன்று வாங்கினால் போதும். கலந்து கொண்டுபோனால் எல்லாவற்றுக்கும் கீழ்விலைதான் சொல்வார்கள். செம்பு விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது, அதனால் இரண்டு கடையில் கேட்பதில் தவறில்லை. முழு மோட்டாருக்கு என்ன விலை, பிரித்தால் என்ன விலை என்று இரண்டையும் கேளுங்கள். சில மாடல்களில் வித்தியாசம் மிகக் குறைவு, உளியை எடுக்கவே தேவையில்லை.

போர்டு, எஸ்எம்பிஎஸ், பழைய போன் ஆகியவற்றைப் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுப்பதே முறை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டுச் சாமானைப் பிரித்துப் பார்ப்பது ஒன்று, ஊர்ச் சாமானை வாங்கித் தொழிலாகச் செய்வது வேறு. இரண்டாவதற்குப் போகும் எண்ணம் இருந்தால் விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

சாமானுக்குச் சொந்த வீடு, உறவினர், அபார்ட்மெண்ட் நண்பர்கள் போதும். தெருக் குப்பைத்தொட்டியில் கிடப்பதை எடுக்காதீர்கள், அதை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். யுபிஎஸ் பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் புதியதில் கழித்துக்கொள்வார்கள். உப்பிய போன் பேட்டரி கிடைத்தால் குத்தாமல், அழுத்தாமல், உலர்ந்த மணல் போட்ட டப்பாவில் வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, முதல் வேலையாகச் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.