பழைய ரோலா, புது நகலா, சொந்தக் குத்தா? டர்பனில் ஒரு பியானோலாக்காரரின் உரிமைக் கணக்கு

தென்னாப்பிரிக்கக் கடற்கரை ஊரான டர்பனின் புழுக்கம் மனுஷருக்கே ஆகாது, பியானோலாவுக்கு எப்படி ஆகும்? துளை போட்ட காகிதச் சுருளை, அதாவது ரோலை, மாட்டிக் காலால் மிதித்தால் தானே வாசிக்கிற பியானோ அது. ஜனவரி, பிப்ரவரியில் கடற்காற்று வீட்டுக்குள் ஏறியதும் ரோல் காகிதம் ஊறி மயிரிழை அகலித்துவிடும். மயிரிழையே அதிகம். 88 சுரத்து ரோலில் பதினொன்றே கால் அங்குலக் காகிதம், அங்குலத்துக்கு ஒன்பது துளை. காகிதத் துளை பித்தளைச் சட்டத்துத் துளையோடு நேராக நிற்காவிட்டால் 'ச' இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துச் சுரமும் சேர்ந்து அலறும். காகித ஓரம் வேறு கிழிந்துகொண்டே வரும். ஆகவே பியானோலா வைத்திருப்பவர் எல்லாரும் என்றைக்காவது ஒருநாள் அடுத்த ரோலுக்கு என்ன வழி என்று யோசித்தாக வேண்டும்.

வழி நான்கு இருக்கிறது. நூறு வயசு அசல் ரோலையே தேடிப் பிடிக்கலாம். அதைப் பார்த்து இன்று குத்திய நகலை வாங்கலாம். நாமே உட்கார்ந்து புதுசாகக் குத்தலாம். காகிதமே வேண்டாம் என்று கணினியில் மிடி கோப்பாக, அதாவது எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பாக, வைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் இவற்றை விலையையும் காகிதத் தரத்தையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது பாட்டை எழுதியவர் எந்த வருஷம் கண் மூடினார் என்பதை; பாட்டின் உரிமை எப்போது முடியும் என்பது அதை வைத்துத்தான்.

பாட்டை இயந்திரத்துக்காகப் பதிந்தால் உரிமைப் பணம் கேட்கிற வழக்கமே ரோலிலிருந்துதான் கிளம்பியது. பல நாடுகள் சேர்ந்து செய்த 1886 பெர்ன் பதிப்புரிமை உடன்படிக்கையில், பாட்டைத் தானாக வாசிக்கும் கருவிகளைச் செய்து விற்பது உரிமை மீறல் ஆகாது என்று ஒரு குறிப்பு சேர்த்தார்கள். இசைப்பெட்டி செய்து பிழைத்த சுவிட்சர்லாந்துக்கு அதனால் நிம்மதி. பிறகு பியானோலா வந்து சந்தையை அள்ளியதும் பாட்டுப் புத்தகம் போடுகிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். துளை போட்ட காகிதத்தை யாரும் சுரக்குறிப்பாகப் படிக்க முடியாது, அதனால் அது புத்தகத்தின் நகல் அல்ல என்று இங்கிலாந்தில் பூசி எதிர் வைட் வழக்கிலும், 1908-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் தீர்ப்பானது. அடுத்த வருஷமே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி ரோலுக்குப் பாட்டு ஒன்றுக்கு 2 சென்ட் என்று விதித்தது. பியானோலா செய்து விற்ற ஏயோலியன் கம்பெனி பதிப்பாளர்களோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வைத்திருந்ததால், உரிமையைக் கொடுத்தால் அந்த ஒரே கம்பெனி எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிவிட்டுக் குத்தலாம் என்று கட்டாய உரிமம் வைத்தார்கள். அந்த 2 சென்ட் 1977 முடியும்வரை அசையவே இல்லை.

1911-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சட்டமும் இதே பாதையில் போனது. முதல் இரண்டு ஆண்டு விற்பனை விலையில் இரண்டரை சதவீதம், பிறகு ஐந்து. 1916-ல் அது தென்னாப்பிரிக்கச் சட்டமானது. இன்று நம்மை ஆள்வது 1978-ஆம் வருஷச் சட்டம். அதில் 'ரெக்கார்டு' என்பதற்கு விளக்கம் சொல்லும் இடத்தில் தட்டு, நாடா என்பவற்றோடு துளையிட்ட ரோலும் பெயர் சொல்லியே நிற்கிறது. ரோல் பழங்காலத்துப் பொருள், அதைச் சட்டம் கண்டுகொள்ளாது என்று டீக்கடையில் சொல்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

முதலில் அசல் ரோல். காகிதம் உங்களுடையது. வாங்கலாம், விற்கலாம், வீட்டில் நாள் முழுக்க மிதிக்கலாம், யாருக்கும் ஒரு காசு தர வேண்டாம். பலர் தவறுவது வீட்டு வாசலைத் தாண்டும்போது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கோயில் மண்டபத்து நிதி வசூல் விழாவுக்கு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனால் அது பொதுநிகழ்ச்சி. பாட்டு இன்னும் உரிமைக்குள் இருந்தால் பாட்டை நிகழ்த்த உரிமம் தருகிற சங்கமான சாம்ரோவின் அனுமதி வேண்டும். ரோல் நூறு வயசு என்பதால் பாட்டின் உரிமையும் செத்துவிட்டது என்று கிடையாது. இருபது வயசில் மெட்டுப் போட்டவர் தொண்ணூறு வயசு வாழ்ந்திருக்கலாம் அல்லவா? தென்னாப்பிரிக்காவில் கணக்கு, இறந்த வருஷம் முடிந்து ஐம்பது ஆண்டு.

இரண்டாவது, நகல் ரோல். காசுக்கு இதுதான் லாபம், காகிதமும் புதுசு, கிழியாது. ஆனால் இங்கே இரண்டு பூட்டு. ஒன்று மெட்டு. இன்னொன்று, அந்த ரோலுக்கென்று வாசித்தோ வரைந்தோ கொடுத்தவரின் அமைப்பு வேலை. இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க ராக்டைம் இசைக்காரர் ஜாப்ளின் 1917-லேயே போய்விட்டார், அவருடைய ராக்டைம் யாருக்கும் சொந்தம். அதே ராக்டைமை 1960-களில் ஒருவர் ரோலுக்காக மாற்றி எழுதியிருந்தால் அந்த மாற்றம் அவருடையது. சொந்த உபயோகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு நகல் தருவிப்பதைச் சட்டம் துரத்துவதில்லை. உரிமை இல்லாமல் குத்தியது என்று தெரிந்தே இருபது தருவித்து விற்றால் கதை வேறு. நான் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: எந்த ரோலைப் பார்த்துக் குத்தினீர்கள், அது வெளிவந்தது எப்போது? ஒருமுறை ஒரு வியாபாரி பதிலே சொல்லாமல் தள்ளுபடி மட்டும் கூட்டிக்கொண்டே போனார். வாங்கவில்லை.

மூன்றாவது, நாமே குத்துவது. கையொடிகிற வேலை. வேகம் 70 என்று போட்டால் நிமிஷத்துக்கு ஏழு அடி காகிதம் ஓடும். மூன்று நிமிஷப் பாட்டுக்கு இருபத்தோரு அடி. என்னிடம் மோட்டார் குத்தி கிடையாது. இரும்பு அளவுகோல், குத்தூசி, ஒரு சுத்தியல், கீழே பலகை. ஒரு சுரம் தவறினால் நாடா ஒட்டித் திருத்தலாம். அந்த நாடாவே அடுத்த மழைக்காலத்தில் பித்தளைச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் உரிமைக் கணக்கில் இதற்கு ஈடு எதுவும் இல்லை, ஏனென்றால் அமைப்பு நம்முடையது. பார்க்க வேண்டியது மெட்டும் சொல்லும் மட்டும். சொல் எதற்கு என்றால், பாட்டு வரியை வலது ஓரத்தில் அச்சடித்த ரோல்கள் உண்டு. ரோல் மேலிருந்து கீழே இறங்குவதால் வரிகள் கீழிருந்து மேலாக ஏறும். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் காட்ட இதைவிட வேடிக்கையான பாடநூல் கிடையாது.

சொல்லும் மெட்டும் தனித்தனி உரிமை என்பதற்கு இந்த மண்ணின் உதாரணமே இருக்கிறது. சாலமன் லிண்டா 1939-ல் காலோ இசைத்தட்டுக் கம்பெனிக்காக ஜூலு மொழியில் பதிந்த 'ம்பூபே'. உலகமெல்லாம் பாடிச் சம்பாதித்த பாட்டு; அவர் 1962-ல் வறுமையில் இறந்தார். 1911 சட்டத்தில் எழுதியவர் இறந்து இருபத்தைந்து ஆண்டானால் உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்று ஒரு பிரிவு உண்டு. அதைப் பிடித்துத்தான் குடும்பம், பாட்டைப் பயன்படுத்திய டிஸ்னி மேல் 2004-ல் வழக்குப் போட்டது. 2006-ல் சமரசமானது. இன்று ஐம்பதாண்டுக் கணக்கில் லிண்டாவின் பாட்டு 2013 முதல் இங்கே பொதுச்சொத்து. ஜூலுச் சொல்லோடு ரோல் குத்தினால் யாரும் கேட்க முடியாது. சிங்கம் தூங்குகிறது என்று 1961-ல் அமெரிக்காவில் சேர்த்த ஆங்கில வரி ஓரத்தில் ஏறினால் கதை கெட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஜார்ஜ் வைஸ் இறந்ததே 2010-ல்.

இனி நம் பாட்டு. தியாகராஜர் 1847, தீட்சிதர் 1835. கேள்வியே இல்லை. ஆனால் பியானோவில் கமகம் வராது. தோடியை ரோலில் போட்டால் தோடிக்கே அவமானம். அதனால் நான் போவது தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களுக்கு. வெள்ளைக்கார பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு அவர் போட்ட சமஸ்கிருத சாகித்யம். எல்லாம் சங்கராபரணத்தின் நேர்சுரங்களில், வெள்ளைக் கட்டையிலேயே நிற்கும். பியானோலாவுக்கென்று முன்கூட்டியே செய்து வைத்த மாதிரி இருக்கும்.

பாரதி பாட்டுக்கு இன்னொரு சரித்திரம். அதைத் தட்டில் பதிக்கும் உரிமை ஒரு காலம் ஏவி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. 1949-ல் அவர் விட்டுக்கொடுக்க, சென்னை அரசு பாரதி எழுத்தின் உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்து பிறகு பொதுவாக்கியது. சொல் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் யாரோ போட்ட மெட்டு அவரவர் சொத்து. பட்டுக்கோட்டையார் 1959-ல் இறந்தார், சொல் இங்கே 2010-லேயே நம் கைக்கு வந்தது. அவர் வரிக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்தி போட்ட மெட்டோ, இருவரில் பின்னால் இறந்த எம்.எஸ்.வி. 2015-ல் போனதால் 2066-இல்தான் விடுபடும். என் பேத்தி 2013-ல் பிறந்தவள். எம்.எஸ்.வி. பாட்டு குத்தித் தரச் சொல்லி நச்சரித்தாள். இந்தக் கணக்கைச் சொன்னேன். விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு அம்பத்தி மூணு வயசு தாத்தா, நீங்க அதுக்குள்ள குத்தி வெச்சிடுங்க" என்றாள்.

உரிமைக்குள் இருக்கிற பாட்டு வேண்டவே வேண்டும் என்றால் இங்கே கப்பாசோவிடம் எழுதிக் கேட்க வேண்டும். பாட்டை நகலெடுக்கும் உரிமத்தை, அதாவது பழைய ரோல் கட்டணத்தின் பேரப்பிள்ளையை, இன்று வசூலிப்பது அவர்கள்தான். சாம்ரோ நிகழ்த்துவதற்கு, கப்பாசோ பதிவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்குக் கட்டிவிட்டு இன்னொன்றும் முடிந்தது என்று இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 1978 சட்டத்தின் 14-ஆம் பிரிவில் கட்டாய உரிமமும் உண்டு: உரிமையாளர் அனுமதியோடு ஏற்கெனவே ஒரு பதிவு கடைக்கு வந்திருந்தால், அறிவிப்புக் கொடுத்துக் கட்டணம் கட்டி விற்பனைக்குச் செய்யலாம். இந்தியச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது தங்கம். அங்கே 31சி பிரிவில் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது ஐம்பதாயிரம் பிரதிக்கான பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், பழைய பதிவு எந்த வடிவில் வந்ததோ அதே வடிவில் செய்ய வேண்டும். சினிமாப் பாட்டை ரோலில் யார் வெளியிட்டார்கள்? ஆறு ரோல் குத்துகிறவன் ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவான்?

மிடி கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் ரோல்களை ஸ்கேன் செய்து வைத்திருப்பது பெரிய சேவை, புழுக்கத்திலும் கெடாது. ஆனால் இணையத்தில் ஏற்றிய நொடியே எல்லா நாட்டுச் சட்டமும் ஒன்றாக வந்து நிற்கும். அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1937-ல் இறந்தார். 1924-இல் அவர் எழுதிய 'ராப்சடி இன் ப்ளூ' இங்கே 1988 முதல் பொது, அமெரிக்காவில் 2020 வரை பொதுவல்ல. அது போக, நான் ஏற்றிய ஒரு ஜாப்ளின் ரோல் வீடியோவுக்கு, அதே ரோலைப் பதிந்து விற்கிற எவனோ தன் பாட்டு என்று தானியங்கியில் உரிமை கோரினான். ஆட்சேபம் எழுதி எடுக்க மூன்று வாரம்.

ஆகவே என் மேசையில் இப்போது இருப்பது பாபநாசம் சிவன், சொல்லும் மெட்டும் அவரே போட்ட கீர்த்தனை ஒன்று. 1973 அக்டோபரில் காலமானார். 2024 பிறந்ததும் இங்கே பூட்டு திறந்துவிட்டது. இந்தியாவில் அறுபது ஆண்டுக் கணக்கு, 2033 முடிய வேண்டும். சென்னையில் பியானோலா வைத்திருக்கிற சிநேகிதர் ஒரு ரோல் கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்குப் போகிற பெட்டியில் தீட்சிதரை மட்டும் சுருட்டி வைத்திருக்கிறேன். சிவன் 2034 வரை டர்பனிலேயே இருப்பார்.